எஃப்-150 பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் இழுக்கலாமா? (ரொறன்ரோவிலிருந்து பான்ஃப் பயணம்)

ஸ்காபரோவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜூலையில் குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து பான்ஃப் வரை தரைவழியாகப் போய்வர எண்ணியிருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. கூடாரத்தில் தரையில் படுக்க அவரால் முடியாது. ஒவ்வோர் இரவும் விடுதியில் இரண்டு அறை எடுப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பழைய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பெட்டிக்குள் கொளுவும் வீட்டு டிரெய்லர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். நீளம் 28 அடி. வெற்று எடை 8,200 இறாத்தல், மொத்த அனுமதி எடை 10,500 இறாத்தல் என்று அதன் தகட்டில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஃபோர்ட் எஃப்-150. நான்கு கதவு, பின்னால் ஐந்தரை அடிப் பெட்டி. டிரெய்லரை விற்பவர், "உங்கள் வண்டி 11,300 இறாத்தல் இழுக்கும், தாராளமாகப் போதும்" என்கிறார். டிரெய்லரைக் கொளுவும் ஹிட்சையும் அவரே பொருத்தித் தருவாராம். அடுத்த வாரம் முற்பணம் கட்டச் சொல்கிறார்.

11,300 என்பது 10,500-ஐ விடப் பெரியதுதானே, அப்படியென்றால் போதும்தானே என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் மலைப்பாதையை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. எனக்கு இருப்பது G வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம். அது செல்லுமா? குட்டையான பெட்டியில் இந்த ஹிட்ச் சரிவருமா? மாமியார் ஓடும்போதே டிரெய்லரில் படுத்துக்கொண்டு வரலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நெடுஞ்சாலை17 பதில்:

தம்பி, முற்பணம் கட்ட வேண்டாம். முதலில் வண்டியின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் வெள்ளை மஞ்சள் அட்டையைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை இறாத்தலை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்கள் கேள்விக்கு விடை அந்த வரியில் இருக்கிறது. விற்பவர் சொல்லும் 11,300-இல் இல்லை.

நான் தொழிலால் நெடுந்தூர டிரக் சாரதி. வீட்டுக்கென்று, உங்களுடையதை விடக் கூடிய சுமை தாங்கும் ஒரு டன் வகைப் பிக்கப்பும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் இணைப்பு முறை ஒன்றுதான்: டிரெய்லரின் அடியில் இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு கிங்பின், அதைக் கவ்விப் பிடிக்கும் தாடைகளோடு ஒரு தட்டு. அந்தத் தட்டு பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் இருக்கும். பம்பருக்குப் பின்னால் கொளுவும் சாதாரண டிரெய்லரை விட இது ஆட்டம் குறைந்து ஓடுவதற்கு அந்த இடமே காரணம். வால் நீண்டு வெளியே தொங்காததால், டிரெய்லர் அசைந்தாலும் வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும் வலு அதற்குக் குறைவு.

ஆனால் அந்த நன்மைக்கு விலை இருக்கிறது, விற்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பம்பரில் கொளுவும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 20 முதல் 25 சதவீதத்தை வைக்கும். உங்கள் டிரெய்லருக்கு வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வெற்று டிரெய்லரோடு யாரும் பான்ஃப் போவதில்லை. தண்ணீர், எரிவாயு, பாத்திரம், அரிசி, துணி, மின்கலம் எல்லாம் ஏறியபின் 10,000 இறாத்தல் என்றே வையுங்கள். குறைந்தபட்சமாக 20 சதவீதம் எடுத்தாலும் 2,000 இறாத்தல் உங்கள் பெட்டியின் மேல் இறங்கும். ஹிட்சின் எடை 150. நீங்கள் ஐந்து பேர், சுமார் 700. கூட்டினால் 2,850. இது அத்தனையும் அந்த அட்டையிலுள்ள எல்லைக்குள் அடங்க வேண்டும். பிள்ளைகளின் சைக்கிள், குளிர்பெட்டி, விறகு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் எஃப்-150 போன்ற அரை டன் வகைப் பிக்கப்புகளில், நான்கு கதவு வைத்தவற்றில், அந்த அட்டையில் பெரும்பாலும் 1,400 முதல் 2,000 வரைதான் எழுதியிருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அந்த 11,300 பொய்யான எண் என்று நான் சொல்லவில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது அளவுமுறைப்படி கம்பெனிகள் இழுவை எண்ணைக் கணக்கிடுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 11.4 மைல் நீளமுள்ள ஏற்றம் இருக்கிறது. அதில் குளிர்சாதனம் முழுவதும் ஓட, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் வண்டி ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் ஆளுக்கு 150 இறாத்தல் வீதம் இருவர் மட்டும். உங்கள் மாமியாரும் பிள்ளைகளும் அதில் இல்லை. இஞ்சின் இழுத்துவிடும், பின் அச்சு, வில் (ஸ்பிரிங்), டயர் ஆகியவை தாங்குமா என்பதே இங்கே கேள்வி. மிஞ்சிய எடையில் டயர் சூடேறும், வண்டியின் பின்புறம் தாழும், நிறுத்தும் தூரம் நீளும். ஜூலை வெயிலில் சமவெளிச் சாலையில் நாள் முழுவதும் ஓடும்போது ஒரு பின் டயர் வெடித்தால் உள்ளே இருப்பது உங்கள் குடும்பம்.

ஊகத்தை விட்டு நிறுத்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) தராசுகளில் யாரும் பணம் கட்டி எடை பார்க்கலாம். முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லரின் சில்லுகள் மூன்றாவதில். முதலில் டிரெய்லரோடு நிறுங்கள். பிறகு ஓரமாக டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் நிறுங்கள். என்னுடையதை இறாத்தலில் சொல்கிறேன். தனி வண்டியில் முன்னால் 4,680, பின்னால் 3,340. டிரெய்லரோடு முன்னால் 4,640, பின்னால் 5,720, டிரெய்லர் சில்லுகளில் 9,420. வண்டியின் இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் 2,340; கிங்பின் என் வண்டியின் மேல் வைக்கும் சுமை அதுதான். டிரெய்லரின் முழு எடை 11,760. ஏறக்குறைய 20 சதவீதம். முன் அச்சில் மாற்றம் மிகக் குறைவு, சுமை அத்தனையும் பின் அச்சில் விழுந்திருப்பதைப் பாருங்கள். என் பின் அச்சுக்கு அனுமதி 7,000. எனக்கு இடம் இருக்கிறது. அரை டன் வண்டியின் பின் அச்சில் இந்தச் சுமையை ஏற்றினால் அது தன் எல்லைக்கு அப்பால் போய்விடும்.

அனுமதிப்பத்திரம். ஒன்ராறியோவில் G வகுப்புக்கு இரண்டு எல்லைகள்: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோ, இழுக்கப்படும் டிரெய்லர் மட்டும் 4,600 கிலோ. 10,500 இறாத்தல் என்பது 4,763 கிலோ. தகட்டில் உள்ள அளவுக்கு நிரப்பினால் நீங்கள், கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கான A வகுப்புக்குள் வந்துவிடுவீர்கள். காற்று பிரேக் இல்லாத டிரெய்லர்களை இழுப்பவர்களுக்காகக் கட்டுப்பாட்டுடன் கூடிய A வகுப்பு ஒன்று உண்டு. அதற்கும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். விபத்து நேர்ந்தபின் காப்புறுதிக்காரர் முதலில் புரட்டும் தாள் இதுவாகத்தான் இருக்கும்.

மாமியார் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வருவது கூடாது. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஓடும் வீட்டு டிரெய்லருக்குள் ஆள் இருப்பதைத் தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்: அங்கே இருக்கைப் பட்டி கிடையாது, அலுமாரிகள் திறந்து விழும், அவர் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது.

---

ஏஜாக்ஸ்_அக்கா பதில்:

அண்ணா எடைக் கணக்கைச் சொல்லிவிட்டார், அதில் நான் சேர்க்க எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஃபிஃப்த் வீலைக் கொளுவுவதும் கழற்றுவதும் என் வேலை, கணவர் ஓட்டுவார். அதனால் வேறு சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமியாரின் முழங்கால். தம்பி, ஃபிஃப்த் வீலில் பெரிய கட்டில் இருக்கும் படுக்கையறை, பிக்கப்பின் பெட்டிக்கு மேலே வருகிற மேல்தட்டில் இருக்கிறது. வாசலில் ஏறும் படிகள் போக, உள்ளேயும் இரண்டு மூன்று படி ஏற வேண்டும். இரவில் கழிவறைக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கும். நீங்கள் பார்த்த டிரெய்லரில் அவரையே ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். பம்பரில் கொளுவும் டிரெய்லரில் தரை முழுவதும் ஒரே மட்டம். அவருக்கு அதுவே நல்லது என்று நினைக்கிறேன்.

குட்டைப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்தரை அடிப் பெட்டியில் இறுக்கமாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை வண்டியின் பின் கண்ணாடியில் வந்து இடிக்கும். அதற்காகவே பின்னால் நகரும் ஹிட்ச் வகை ஒன்று இருக்கிறது. அது விலையும் எடையும் கூடியது. அந்த எடையும் உங்கள் அட்டைக் கணக்கில்தான் ஏறும். பெட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவில் ஐந்தாறு அங்குல இடைவெளியும் வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

எந்த வண்டி வாங்கினாலும், ஃபிஃப்த் வீல் என்றால் இதை மட்டும் மறக்காதீர்கள். கிங்பின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டதா என்பதைச் சத்தத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. டிரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டை விட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும்படி வைத்துப் பின்னால் வர வேண்டும். வண்டி உள்ளே நுழையும்போது டிரெய்லரைச் சற்றே தூக்க வேண்டும். டிரெய்லர் உயரமாக இருந்தால் கிங்பின் தாடைகளுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவருக்குப் பூட்டியது போலவே இருக்கும். நான் கைவிளக்கு அடித்துத் தாடையைக் கண்ணால் பார்ப்பேன், பூட்டின் ஊசியைப் போடுவேன். அதன் பிறகும் சில்லுகளுக்குக் கட்டை வைத்தபடி, டிரெய்லரின் முன்புறத்தைத் தாங்கும் முன்கால்களை நிலத்திலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்கச் சொல்வேன். பூட்டாமல் இருந்தால் டிரெய்லர் ஓர் அங்குலம் இறங்கிக் காலில் நிற்கும், அவ்வளவுதான். ஒரு முகாமில் எங்களுக்கு அடுத்த இடத்தில் நின்றவர் இந்தச் சோதனையைச் செய்யாமல், கால்களை முழுவதும் தூக்கிவிட்டுப் புறப்பட்டார். டிரெய்லர் நழுவி அவருடைய பிக்கப்பின் இரண்டு பக்கச் சுவர்களையும் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அவர்களுடைய விடுமுறை அங்கேயே முடிந்தது.

ஏழு முனை மின்கம்பி, டிரெய்லர் பிரிந்தால் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் அறுகம்பி, பின் கதவை மூடுவது ஆகியவை அடுத்து. இந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். நடுவில் நிறுத்தினால் எதையாவது விட்டுவிடுவோம். பிள்ளைகளும் அதைப் பழகிவிட்டார்கள்.

பழைய டிரெய்லர் என்றதால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், தயாரித்த வாரமும் ஆண்டும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்த டிரெய்லர் டயரை நம்பி நான் நீண்ட பயணம் போக மாட்டேன். காற்றை வெயிலில் ஓடிய பிறகு பார்க்காதீர்கள், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சில்லு கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 மைலில் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

---

ஸ்காபரோவாசி:

அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் கீழே போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். 1,540 இறாத்தல், 699 கிலோ என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன 2,850-இல் ஏறக்குறையப் பாதி. மூன்று ஆண்டுகளாக இந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், இதைப் படிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டேன். பின் அச்சில் காற்றுப்பை பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார். மாமியாரிடம் உள்ளே படி இருப்பதைச் சொன்னேன், அவர் முகமே மாறிவிட்டது. இந்த வண்டியையே வைத்துக்கொண்டு பயணம் போக வழி இருக்கிறதா? இன்னொரு பிக்கப் வாங்க இப்போது வசதி இல்லை.

---

நெடுஞ்சாலை17:

காற்றுப்பை வண்டியின் பின்புறத்தைத் தூக்கிக் காட்டும். அச்சு, டயர், பிரேக் எதன் அனுமதி எடையும் அதனால் ஒரு இறாத்தல்கூட அதிகரிக்காது. கதவிலுள்ள 1,540 அப்படியே 1,540 தான். இதைத் தெரிந்தே சொல்கிறார் என்றால் அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

வழி இருக்கிறது. பம்பரில் கொளுவும் டிரெய்லர் பாருங்கள், எல்லாம் நிரப்பிய பிறகும் 5,500 இறாத்தலுக்கு மேல் போகாததாக. 12 சதவீதம் வைத்தால் 660. எடையைப் பகிரும் ஹிட்ச் 100. நீங்கள் ஐவரும் 700. மொத்தம் 1,460. மிச்சம் 80 இறாத்தல்தான், எனவே பிக்கப்பின் பெட்டியில் எதுவும் போடக் கூடாது. சாமான் முழுவதும் டிரெய்லரில், அதன் அச்சுக்கு அருகில், தரை மட்டத்தில். பின்முனையில் பாரம் ஏற்றினால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி ஓடாதீர்கள், முகாமில் பிடித்துக்கொள்ளலாம். G வகுப்பும் போதும். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், அதனால் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்று வாகனத் தரிப்பிடம் ஒன்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்து, சில்லு இழுபடாமல் உறுதியாக நிற்கும் அளவுக்கு அந்தக் கருவியைத் திருத்திக்கொள்ளுங்கள். டிரெய்லர் எப்போதாவது ஆடத் தொடங்கினாலும் கால் பிரேக்கை மிதிக்காமல், வேக மிதியை விட்டு, இதே போல டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் பிடியுங்கள். அது நேராகிவிடும்.

பாதையைச் சொல்கிறேன். நீங்கள் மலை என்று பயப்படுவது ரொக்கி மலைகளை. எனக்கு உங்கள் முதல் கவனம் சுப்பீரியர் ஏரிக்கரையில் வேண்டும். சூ செயின்ட் மேரியிலிருந்து வாவா நோக்கிப் போகும் 17-ஆம் நெடுஞ்சாலையில், மொன்றியல் ரிவர் அருகே ஏற்ற இறக்கம் செங்குத்து. பாதிக்கு மேல் தூரம் திசைக்கு ஒரு தடம்தான். பின்னால் வரிசை சேர்ந்தால் முந்தும் தடம் வரும்போது வலப்பக்கம் ஒதுங்கி எல்லாரையும் போக விடுங்கள். அவர்கள் அவசரப்பட்டு எதிர்த் தடத்தில் முந்துவதுதான் அங்கே ஆபத்து. இருட்டிய பிறகு அந்தப் பகுதியில் ஓடவே கூடாது. மூஸ் மான் சாலைக்கு வரும், அதன் உடல் கருமையாக இருப்பதால் விளக்கொளியில் கடைசி நேரம் வரை தெரியாது. நான் 17-இல் ஓடும் இரவுகளில் இன்றும் வேகத்தைக் குறைத்தே போகிறேன்.

இறக்கத்தில் இழுவைப் பொத்தானை (டோ/ஹால்) அழுத்தி, இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். இஞ்சின் பிடிக்கட்டும். வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை உறுதியாகப் பிடித்து, பத்துக் கிலோமீட்டர் குறைத்துவிட்டு விடுங்கள். இறக்கம் முழுவதும் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தெற்கு அல்பேர்ட்டாவில் பக்கக் காற்று பலமாக அடிக்கும் நாள் என்றால் காலையிலேயே புறப்பட்டு மதியத்துக்குள் நிறுத்துங்கள்.

பான்ஃபில் டனல் மவுண்டன் டிரெய்லர் கோர்ட் என்ற முகாமில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் கிடைக்கும். முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பிடித்துவிடுங்கள், ஜூலையில் இடம் மிஞ்சாது. டிரெய்லரை அங்கே விட்டுவிட்டு வண்டியில் மட்டும் சுற்றுங்கள். கிக்கிங் ஹோர்ஸ் கணவாயைத் தாண்டி டகாக்கா அருவிக்குப் போகும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லருக்கு அனுமதியே இல்லை. மொரெய்ன் ஏரிக்குச் சொந்த வாகனத்தில் போக முடியாது, பஸ்ஸுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். மாமியாருக்கு அந்த பஸ் வசதியாகவே இருக்கும்.

டிரெய்லர் ஏதாவது பார்த்தால், வாங்கும் முன் அதன் தகட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எடைக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.